முப்பது வயதில் வைத்தியம் படிக்கப் போனவர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்று ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள்.

ஏ.எல் பெறுபேறு வந்த வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி உம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பயோ பிரிவு, மூன்றாம் தடவை. மூன்று தடவையும் நல்ல பெறுபேறுதான். ஆனால் வைத்தியபீடத்துக்கு இசட் ஸ்கோர் தசமத்துக்குப் பின்னால் ஓரிரு இலக்கத்தால் போய்விட்டது. உம்மா அழுதா. பிள்ளை அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "ஸேர், அமெரிக்காவுல வேற டிகிரி முடிச்ச பொறகும் டொக்டருக்குப் படிக்கலாமாமே, உண்மையா?"

"அது அமெரிக்கா மகள், நமக்குச் சரிவராது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. நாமும் ஒரு காலத்தில் பயோ படித்தவர்கள்தான். ஸ்கோர் கிடைக்காமல் கல்வியியற் கல்லூரிக்குப் போய், இன்று எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறோம். அந்த வயதில் நமக்கும் யாராவது இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் சில இரவுகள் உட்கார்ந்து தேடி வாசித்தோம். பிள்ளை கேட்டது உண்மை. அந்த வழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் தொழில் செய்தவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள் என்பது நாம் எதிர்பார்க்காதது.

முதலில் அங்குள்ள முறையைச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் ஏ.எல் முடிந்தவுடனே வைத்தியபீடம். ஐந்து வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அமெரிக்காவில் பாடசாலை முடித்த பிள்ளை நேரே வைத்தியபீடம் போவது மிக அரிது. முதலில் நான்கு வருடம் ஒரு பட்டப்படிப்பு. அது வரலாறாக இருக்கலாம், சங்கீதமாகவும் இருக்கலாம். அதன்பின் நான்கு வருடம் வைத்தியம், பிறகு துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு வருடம் வைத்தியசாலைப் பயிற்சி. எந்தப் பட்டமும் சரி என்றாலும் சில பாடங்கள் கட்டாயம். உயிரியல், பொது இரசாயனவியல், சேதன இரசாயனம், பௌதிகவியல் எல்லாம் ஆய்வுகூடத்தோடு ஏறக்குறைய ஒவ்வொரு வருடம் படித்திருக்க வேண்டும்.

அப்படியானால் இலக்கியத்தில் பட்டம் எடுத்து, ஐந்தாறு வருடம் பத்திரிகையிலோ பாடசாலையிலோ வேலை செய்த ஒருவருக்கு இருபத்தெட்டு வயதில் வைத்தியராக வேண்டும் என்று தோன்றினால்? அவரிடம் பட்டம் இருக்கிறது, அந்த விஞ்ஞானப் பாடங்கள் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பட்டத்துக்குப் பிந்திய மருத்துவ முன்படிப்பு. அவர்கள் 'போஸ்ட்பாக்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். ஒன்று அல்லது இரண்டு வருடம், அந்தப் பாடங்களை மட்டும் வரிசையாகப் படித்து முடிப்பது. புதிதாகப் பட்டம் கிடைக்காது. வைத்தியபீடத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதிதான் கிடைக்கும்.

இது எப்படி வந்தது என்று பார்க்கப் போனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். அன்றைய அமெரிக்காவில் வைத்தியக் கல்லூரி என்றால் பெரும்பாலும் சில வைத்தியர்கள் கூட்டுச் சேர்ந்து காசுக்கு நடத்திய கடை. நான்கு மாதம் விரிவுரை. அடுத்த வருடம் அதே விரிவுரையை இன்னொரு நான்கு மாதம் கேட்க வேண்டும். முடிந்தது, டொக்டர். எட்டாம் வகுப்புப் படித்தாரா என்றுகூடச் சில இடங்களில் கேட்கமாட்டார்கள். 1870 அளவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் எலியட், வைத்திய மாணவருக்கு எழுத்துப் பரீட்சை வைக்கப் பார்த்தபோது, பிகலோ என்ற பேராசிரியர் எதிர்த்தார். அவருடைய காரணம், மாணவரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒழுங்காக எழுத வராது என்பது! சாதாரண இடமல்ல, ஹார்வர்டே அப்படி இருந்த காலம்.

அந்தக் காலத்தில் வேறு தொழிலிலிருந்து வைத்தியத்துக்கு மாறுவது லேசு. ஆணாக இருந்து, வெள்ளைக்காரனாக இருந்து, கட்டணம் கட்டினால் போதும். கஷ்டப்பட்டவர்கள் மற்றவர்கள்தான்.

இங்கேதான் முதல் ஆசிரியை வருகிறார். எலிசபெத் பிளாக்வெல். 1821இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்து, 1832இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். 1838இல் வாப்பா மௌத்தானார். வீட்டில் காசு இல்லை, பிள்ளைகள் அதிகம். சகோதரிகள் சேர்ந்து வீட்டிலேயே ஒரு பாடசாலை நடத்தினார்கள். பிறகு எலிசபெத் கென்டக்கியில் ஒரு சிறிய ஊரில் படிப்பித்தார். அவருக்கு வைத்தியத்தில் எந்த ஆசையும் இருக்கவில்லை. உடம்பு, நோய் என்ற பேச்சே பிடிக்காதாம். நோயில் இறந்துகொண்டிருந்த ஒரு தோழி, தன்னைப் பார்த்த வைத்தியர் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் இவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டேன் என்று சொன்னதுதான் மனசில் விழுந்தது.

பெண்கள் வைத்தியசாலைக்குப் போய், ஆண் டொக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, நோயை மறைத்து, கடைசியில் முற்றிப்போன பிறகு கொண்டுவரும் கதை நம் ஊரிலும் ஒன்றிரண்டல்ல. வாசிக்கும்போது அந்தத் தோழி நமக்குத் தெரிந்த ஒருவராகத்தான் தோன்றினார்.

பிளாக்வெல் செய்ததைக் கவனியுங்கள். 1845இல் வட கரோலைனாவில் ஆஷ்வில் என்ற ஊருக்குச் சங்கீத ஆசிரியையாகப் போனார். அந்தப் பாடசாலையை நடத்தியவர் முன்பு வைத்தியராக இருந்து பிறகு மதபோதகரானவர். அவரிடம் வைத்தியப் புத்தகங்கள் இருந்தன. பகலில் படிப்பிப்பது, இரவில் அந்தப் புத்தகங்கள். அடுத்து சார்ல்ஸ்டனில், அந்தப் போதகரின் சகோதரர் வீட்டில் தங்கி, அங்கேயும் படிப்பித்துக்கொண்டே படித்தார். அவர் வைத்தியப் பேராசிரியர். சம்பளத்தைச் சேர்த்தார். ஆக இரண்டு வருடம், வேலை செய்துகொண்டே மருத்துவ முன்படிப்பு. பெயர்தான் அன்று இல்லை.

1847இல் பிலடெல்பியாவுக்குப் போய்க் கல்லூரி கல்லூரியாக எழுதினார். எல்லாம் மறுத்தன. நியூயோர்க் மாநிலத்தில் ஜெனிவா மெடிக்கல் கொலேஜ் என்ற சின்னக் கல்லூரி மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. பேராசிரியர்களுக்கு மறுக்க மனம், ஆனால் பழியை ஏற்க மனமில்லை. மாணவர்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஒருவர் எதிர்த்தாலும் அனுமதி இல்லை என்றார்கள். சுமார் 150 பெடியன்கள். யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்து எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள்! சில நாளில் பிளாக்வெல் உண்மையாகவே வந்து வகுப்பில் உட்கார்ந்தார். 1849 ஜனவரி 23ஆம் திகதி, வகுப்பில் முதலாம் இடத்தில் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் வைத்தியப் பட்டம் பெற்ற முதல் பெண்.

அதே வருடம் பரிஸ் நகரில் ஒரு பிரசவ வைத்தியசாலையில் பயிற்சி பெறும்போது, கண்நோய் வந்த குழந்தைக்கு மருந்து ஊற்றுகையில் அந்தக் கிருமி அவருடைய கண்ணுக்குள் தெறித்தது. ஒரு கண் போய்விட்டது. சத்திரசிகிச்சை நிபுணராகும் எண்ணமும் அத்தோடு போனது. ஆனால் 1857இல் நியூயோர்க்கில் ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான வைத்தியசாலை ஒன்றை நடத்தத் தொடங்கினார். இன்னொன்று: எலிசபெத்தைச் சேர்த்த அதே ஜெனிவா கல்லூரி, அவருடைய தங்கை எமிலி விண்ணப்பித்தபோது சேர்க்கவில்லை. பகிடி ஒரு தடவைதான். எமிலி வேறு இடங்களில் அலைந்து 1854இல் கிளீவ்லாந்தில் பட்டம் எடுத்தார்.

அடுத்த மாற்றம் பால்டிமோரில். அங்கே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் வைத்தியபீடம் தொடங்க நினைத்தது, காசு போதவில்லை. மேரி கரெட் என்ற செல்வந்தப் பெண்ணும் அவருடைய தோழிகளும் நாடெங்கும் காசு சேர்த்தார்கள். தேவைப்பட்ட 5 இலட்சம் டொலரில் குறைந்ததையெல்லாம் மேரி கரெட் தானே கொடுத்தார். 3 இலட்சம் டொலருக்கும் மேல். சும்மா கொடுக்கவில்லை. பெண்களையும் ஆண்களைப் போலவே சேர்க்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. சேர வருகிறவர் பட்டதாரியாக இருக்க வேண்டும், விஞ்ஞானப் பாடங்கள் படித்திருக்க வேண்டும், பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 1893இல் திறந்தபோது முதல் வகுப்பில் 18 பேர், அதில் மூன்று பெண்கள். அந்தப் பீடத்தின் பெரிய பேராசிரியர் வில்லியம் ஒஸ்லர், நாமெல்லாம் பேராசிரியராக வந்ததால் தப்பினோம், மாணவராக வந்திருந்தால் இடம் கிடைத்திருக்காது என்று நண்பரிடம் சொல்லிச் சிரித்தாராம்.

அந்தத் தோழிகளில் ஒருவர் கேரி தோமஸ். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் உள்ள பிரின் மோர் என்ற பெண்கள் கல்லூரியின் தலைவியாகப் பிறகு வந்தவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

இரண்டாவது ஆசிரியர் ஏப்ரஹாம் பிளெக்ஸ்னர். இவர் டொக்டரே அல்ல. கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் பிறந்து, ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் 1886இல் இளமாணிப் பட்டம் எடுத்து, ஊருக்குத் திரும்பி உயர்தரப் பாடசாலையில் படிப்பித்தவர். பிறகு சொந்தமாக ஒரு பாடசாலை நடத்தினார். நம்மைப் போல வாத்தியார். அவரைக் கார்னகி அறக்கட்டளை கூப்பிட்டு, நாட்டிலுள்ள வைத்தியக் கல்லூரிகளைப் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னது. தனக்கு வைத்தியம் தெரியாதே என்று அவர் தயங்கினாராம். தெரியாதது நல்லது, கல்வியைப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்பது அவர்களுடைய நினைப்பு. மனுசன் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 கல்லூரிகளைப் பார்த்தார். ஆய்வுகூடம் என்று பெயர்ப்பலகை போட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. நூலகம் என்ற இடத்தில் புத்தகம் இல்லை. 1910இல் அறிக்கை வந்தது. ஒவ்வொரு கல்லூரியையும் பெயர் சொல்லிக் கிழித்திருந்தார். நம் பாடசாலைகளுக்கு வெளிவாரி மேற்பார்வைக் குழு வரும்போது நாம் பதறுகிற பதற்றம் ஞாபகம் வந்தது.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 80 வைத்தியக் கல்லூரிதான் மிச்சம். அறிக்கை வருவதற்கு முன்பே சில மூடத் தொடங்கியிருந்தன. அறிக்கை அதை வேகப்படுத்தியது. தரம் கூடியது என்பதில் சந்தேகமில்லை. நான்கு மாதம் விரிவுரை கேட்ட ஆளிடம் நம் உம்மாவை யாரும் சத்திரசிகிச்சைக்குக் கொடுக்கமாட்டோம்.

ஆனால் இதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். கறுப்பின மக்களுக்கென்று அன்று ஏழு வைத்தியக் கல்லூரி இருந்தது. ஐந்து மூடப்பட்டது. ஹவார்ட், மெஹாரி இரண்டு மட்டும் நின்றன. பெண்களுக்கென்று இருந்த கல்லூரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், பென்சில்வேனியாவில் ஒன்றே ஒன்று தப்பியது. பகலில் வேலை செய்து இரவில் படிக்கும் கல்லூரிகளும் போயின. ஏழைப் பிள்ளைக்கும், தாமதமாக முடிவெடுத்தவருக்கும் இருந்த வாசல் அதுதான். தரம் என்ற பெயரில் கதவை இறுக்கும்போது வெளியே நிற்பது எப்போதும் ஒரே ஆட்கள்தானா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. பிளெக்ஸ்னரை மதிக்கிறோம். ஆனால் அறிக்கையில் கறுப்பின வைத்தியர்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி வாசிக்க நன்றாக இல்லை. அவர்கள் தங்கள் மக்களுக்குச் சுகாதாரம் பார்த்தால் போதும், அதனால் வெள்ளையருக்கும் நோய் பரவாது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இப்படிக் கதவு இறுகியதும் விஞ்ஞானப் பாடங்கள் கட்டாயமாயின. 1928இல் நாடு தழுவிய அனுமதிப் பரீட்சையும் வந்தது. இன்று 'எம்கெட்' என்று சொல்லும் பரீட்சையின் மூதாதை அது. சேர்ந்தவர்களில் சில கல்லூரிகளில் பாதிப் பேர் வரை இடையில் விலகிப் போனதால் அதைத் தொடங்கினார்கள். பதினெட்டு வயதில் வைத்தியம் என்று முடிவெடுத்துப் பாடம் தெரிவு செய்தவருக்கு வழி நேரானது. இருபத்தெட்டில் முடிவெடுத்தவருக்கு வழியே இல்லாமல் போனது.

அந்த வழியைத் திரும்பத் திறந்ததில் யுத்தத்துக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் போய்த் திரும்பிய இலட்சக்கணக்கான இளைஞர்களுக்குப் படிக்கக் காசு கொடுக்க 1944இல் சட்டம் வந்தது. இருபத்தைந்து முப்பது வயதுக்காரர்கள் பல்கலைக்கழகங்களை நிறைத்தார்கள். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1947இல் இப்படியான வயதுவந்த மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பீடம் அமைத்தது. அதிலேயே 1955இல் பட்டதாரிகளுக்கான மருத்துவ முன்படிப்பு தொடங்கியது. இந்த வகையில் ஆகப் பழையது அதுதான்.

கொலம்பியாவுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. யாழ்ப்பாணம் மானிப்பாயில் 1848இலேயே நம்மவர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னாளில் கொலம்பியாவோடு இணைந்த நியூயோர்க் வைத்தியக் கல்லூரியில் படித்தவர். கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல்தான் வந்தது. கிறீன் வைத்தியப் புத்தகங்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே படிப்பித்தார். ஏ.எல் வரை தமிழில் படித்துவிட்டு கெம்பஸில் முதல் வருடம் ஆங்கிலத்தில் தடுமாறும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த மனுசனை நினைப்பதுண்டு. அது தனிப் பதிவு. இன்ஷா அல்லாஹ் இன்னொரு நாள்.

கொலம்பியா வழி திறந்தாலும் பெண்களுக்கும் வயது போனவர்களுக்கும் வைத்தியபீடங்கள் கதவைத் திறக்கவில்லை. 1960களின் நடுவில் அங்கு வைத்தியம் படிக்கச் சேர்ந்தவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 1972இல் கல்வியில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் வந்தது. அதே 1972இல்தான், முன்னே ஞாபகம் வைக்கச் சொன்ன பிரின் மோர் கல்லூரி தன்னுடைய முன்படிப்பைத் தொடங்கியது. கல்லூரி பெண்களுக்கானது, இந்தப் படிப்பு மட்டும் ஆண் பெண் இரு பாலாருக்கும். விஞ்ஞானமே தொடாத பட்டதாரிகளை எடுத்து, ஒரு வருடத்துக்குள் எல்லாப் பாடத்தையும் முடிக்க வைக்கிறார்கள். சில வைத்தியபீடங்களோடு உடன்படிக்கையும் உண்டு. நன்றாகச் செய்தால் இடையில் ஒரு வருடம் காத்திருக்காமல் நேரே போகலாம். இன்று இப்படியான படிப்புகள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு நேர்ஸின் கதை. வாசித்ததில் நம்மை ஆகவும் நிறுத்தியது இதுதான்.

ஜெரால்டின் கனன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்த தாதி. பிள்ளைகளை வளர்த்து, பிறகு படித்துப் பட்டம் எடுத்து, 39 வயதில் வைத்தியபீடத்துக்கு விண்ணப்பித்தார். சிக்காகோ பல்கலைக்கழகமும் நோர்த்வெஸ்டர்னும் மறுத்தன. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை எடுப்பதில் அவர்களுக்குத் தடை இருந்தது. கனன் சொன்னது எளிய விசயம். பிள்ளை பெற்று வளர்ப்பதற்காகப் படிப்பை இடையில் விடுகிறவர்கள் பெண்கள். ஆகவே வயதுத் தடை என்பது பெண்களுக்கான தடைதான், பெயர் மட்டும் வேறு. வழக்குப் போட்டார். வழக்காடிய சட்டத்தரணி அவருடைய கணவர். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979 மே மாதம் தீர்ப்பு வந்தது: அந்த 1972 சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்ட ஒரு தனி ஆள் தானே வழக்குப் போடலாம். அன்றிலிருந்து அமெரிக்காவில் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் அநியாயம் நடந்த எத்தனையோ பெண்கள் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போயிருக்கிறார்கள்.

வழக்குப் போட உரிமை உண்டு என்றுதான் தீர்ப்பு. அவரைச் சேர்க்கச் சொல்லி அல்ல. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பி அங்கே தோற்றது. வேண்டுமென்றே பெண்களை ஒதுக்கினார்கள் என்று காட்ட வேண்டும் என்றார்கள். அவருக்கு இடம் கிடைக்கவேயில்லை. 2019இல் அமெரிக்க வைத்திய மாணவரில் பெண்கள் பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். இன்று அங்கே பட்டம் முடித்த கையோடு வைத்தியபீடம் போகிறவர்களைவிட, ஒரு வருடமாவது இடைவெளி விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள் நல்ல டொக்டராவார்களா என்று கேட்பவர்களுக்கும் ஒரு தகவல். நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியபீடம் 1987இலிருந்து கலைப் பிரிவு மாணவர்கள் சிலரைச் சேதன இரசாயனமும் அனுமதிப் பரீட்சையும் இல்லாமலே சேர்த்தது. 2010இல் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் மற்ற மாணவர்களுக்குச் சமமாகவே செய்திருந்தார்கள். நம் முன்னோரில் அபூபக்ர் அர்ராஸீ இளமையில் ஊது வாசித்தவர், இரசவாதம் செய்தவர், வயது போன பிறகே வைத்தியத்துக்கு வந்தவர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அது ஒரு அதிசயமாகத் தெரியவில்லை.

இதை வாசித்துவிட்டு அமெரிக்க முறை சொர்க்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்படிப்புக்கே பல்லாயிரம் டொலர் முடியும். பிறகு வைத்தியபீடம். அங்கே கடன் வாங்கிப் படித்து வெளியேறும் டொக்டரின் கடன் சாதாரணமாக 2 இலட்சம் டொலர் அளவு. ஆகவே அந்த வழியில் போகிறவர்களில் பலர் கையில் காசுள்ளவர்கள் அல்லது பெரிய கடனுக்குத் துணிந்தவர்கள். ஆஸ்திரேலியா 1996இலும் இங்கிலாந்து 2000இலும் பட்டதாரிகளுக்கான நான்கு வருட வைத்தியப் படிப்பைத் தொடங்கின. அங்கேயும் போட்டி கடுமை.

நம் நாட்டில் படிப்பு இலவசம். அது பெரிய நிஃமத். ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் மீன்பிடிப்பவரின் பிள்ளையும் ஒரு சதம் கட்டாமல் டொக்டராகலாம். அதனாலேயே இடம் குறைவு. 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்று பங்கு. ஏ.எல் மூன்று தடவை. அத்தோடு கணக்கு முடிகிறது. பத்தொன்பது இருபது வயதில் ஒரு பரீட்சை மண்டபத்தில் எழுதிய சில வினாத்தாள்கள் வாழ்நாளுக்குத் தீர்மானிக்கின்றன. காசுள்ளவர் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பி, திரும்பி வந்து ஈ.ஆர்.பி.எம் பரீட்சை எழுதவைக்கலாம். காணி விற்று அனுப்பியவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அதற்கும் முடியாதவருக்கு இரண்டாவது கதவு இல்லை.

வைத்தியபீடத்தில் ஒரு பத்துப் பதினைந்து இடத்தையாவது பட்டதாரித் தாதிகளுக்கும், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்கும், விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் ஒதுக்கி, கடுமையான பரீட்சை ஒன்று வைத்து எடுத்தால் என்ன குறைந்துவிடும்? பத்து வருடம் வார்டில் நின்ற நேர்ஸுக்கு நோயாளியைத் தெரியும். இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது நம் சகோதர ஆசிரியர் ஒருவர் நியாயமாகவே கேட்டார்: "அந்தப் பதினஞ்சு இடம் எந்தப் பிள்ளைர இடம் ஸேர்?" நமக்கு உடனே பதில் வரவில்லை. இடத்தைப் பிரிக்காமல் கூட்ட வேண்டும் என்று பிறகு தோன்றியது. கூட்டுவதற்குக் காசும் விரிவுரையாளர்களும் வேண்டும், அதுவும் தெரியும்.

பெற்றோரிடம் ஒரு விசயம் மட்டும் கேட்கிறோம். மூன்றாம் தடவை முடிந்த பிள்ளையை "டொக்டராகல்ல" என்ற பெயரோடு கல்யாண வீட்டுக்கும் மௌத்து வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது காதில் விழுகிறது. நமக்கும் பல வருடம் விழுந்தது.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அந்த மாணவியை வரச் சொன்னோம். உம்மாவும் வந்தா. இந்தக் கதைகளையெல்லாம் சொன்னோம். பிளாக்வெல் கதையில் பெடியன்கள் கை தூக்கியதைக் கேட்டுச் சிரித்தாள். கனன் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

"அந்த நேர்ஸ் கடைசியில டொக்டரானாவா ஸேர்?"

"இல்ல மகள்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேக்கிலிருந்து கெம்பஸ் விண்ணப்பக் கையேட்டை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்தியத்தோடு தொடர்புடைய மற்றப் பாடநெறிகளில், தாதியியல், மருந்தாளர், கதிரியக்கம் என்று பென்சிலால் கோடு போட்டிருந்தாள். எதை முதலாவதாகப் போடுவது என்று கேட்டாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மஃரிப் பாங்கு சொல்லும்போது பன்னிரண்டாவது தெரிவில் இருந்தோம்.